நாலு மணிச் சாப்பாடு

ஹிப்பி என்ற சொல்லை நான் முதன்முதலில் ஒரு வசவாகத்தான் கேட்டேன். 1972-ஆம் ஆண்டாக இருக்கலாம், காதை மறைக்கும் அளவுக்கு முடி வளர்த்துக்கொண்டு, நடக்கும்போது தெருவைப் பெருக்கும் பெல்பாட்டம் ஒன்றையும் தைத்து மாட்டிக்கொண்டு, கும்பகோணத்துக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பிய என்னை, திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தகப்பனார் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரது, ஹிப்பியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் காலை, காபிக்கு முன்னதாகவே, ஊர்ச் சலூனில் என் தலை பழைய நிலையை அடைந்தது.

அந்தக் காலத்தில் நம் ஜனங்களுக்கு ஹிப்பியைப் பற்றி ஏற்பட்ட அபிப்பிராயம் பெரும்பாலும் சினிமாக் கொட்டகையில் உண்டானது. காட்மாண்டுவில் படமெடுத்து 1971-இல் வெளிவந்த தேவ் ஆனந்தின் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வைப் பார்த்தவர்கள், அந்தப் பெயரைக் கேட்டதும் கஞ்சாப் புகையையும் வீட்டைத் துறந்து கெட்டுப்போன ஒரு பெண்ணையும் நினைத்துக்கொண்டார்களே தவிர, இவர்கள் எதை வெறுத்து எதைத் தேடிப் புறப்பட்டார்கள் என்று கேட்டார்களில்லை. நானும் கேட்டவனல்லன். ஆனால் கல்லூரிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போயிருந்தபோது, குழாயடியில் குந்தி உட்கார்ந்து தம்முடைய சட்டையைச் சவுக்காரம் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்த செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவரை நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த காட்சி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய தேசத்துப் பிரஜை நம் ஊர்க் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறாரே என்பதுதான் எங்கள் ஆச்சரியம். வறுமையிலிருந்து தப்புவதற்காகவே படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்த வறுமையைத் தேடி ஒருவர் கடல் கடந்து வருவார் என்பது விளங்கவில்லை. திரும்பிப் போக விமானச் சீட்டு வைத்திருப்பவனுடைய ஏழ்மையும் போக்கிடம் இல்லாதவனுடைய ஏழ்மையும் ஒன்றாகிவிடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என்றாலும், கிடைத்ததை வேண்டாமென்று சொல்ல ஒரு தலைமுறைக்கே தோன்றியதென்றால் அது சாமானியமான விஷயமில்லை என்று வயதான பிறகு தோன்ற ஆரம்பித்தது.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கலிபோர்னியாவில் ஸன்னிவேல் என்னும் ஊரில் உத்தியோகம் பார்க்கும் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, ஹிப்பிகளெல்லாம் கூடி வாழ்ந்த தெருவை ஒரு நாள் பார்த்துவிட்டு வரவேண்டுமென்ற ஆசை பிறந்தது. "அங்கே என்னப்பா இருக்கு? பழைய துணிக்கடையும் புகை நாற்றமும்தான்" என்றாள் மகள், ஆனாலும் புளியோதரையும் வடகமும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, ரயிலடியில் கொண்டுவந்து விட்டாள்.

அந்த ரயில் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளின் ஊர்களுக்கிடையே ஓடுகிறது. நடுவில் மென்லோ பார்க் என்று ஒரு நிலையம் வரும். 1968-இல் அந்த ஊரிலிருந்துதான் ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவர், கிராமங்களில் கூடி வாழப் போன இளைஞர்களுக்குக் கூடாரம் முதல் குழி தோண்டும் கருவி வரை எது எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ஒரு பெரிய பட்டியலை, விண்வெளியிலிருந்து பிடித்த பூமியின் படத்தை அட்டையில் போட்டு வெளியிட்டார். நகரத்தை விட்டு ஓடியவர்களுக்காக அச்சான அந்தப் புத்தகத்தைக் கம்ப்யூட்டர் செய்யப் புறப்பட்டவர்களும் விரும்பிப் படித்தார்கள் என்பது இந்தப் பிரதேசத்தின் விசித்திரங்களில் ஒன்று. என் எதிரே அமர்ந்திருந்த இளைஞர்கள் மூவரும் மடிக் கணினியை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் இறங்கி, 'என்' எழுத்துப் போட்ட டிராம் வண்டியில் ஏறினால், அது கொஞ்ச தூரம் பூமிக்கடியிலும் கொஞ்ச தூரம் தெருவிலும் ஓடி, 1928-இல் மலையைக் குடைந்து அமைத்த ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து, மறுபக்கம் கோல் தெருவில் கொண்டுபோய் விடுகிறது. ஜூன் மாதம், ஆயினும் மேற்கே கடலிலிருந்து மூடுபனி வந்து மேட்டு வீடுகளின் கூரைகளை மறைத்துக்கொண்டிருந்தது. மார்கழிக்கென்று வைத்திருந்த கம்பளி மப்ளரை மகளின் பேச்சைக் கேளாமல் எடுத்து வந்தது நல்லதாயிற்று.

கோல் தெருவிலிருந்து இரண்டடி வைத்தால் பிரெடரிக் தெரு. அதன் 518-ஆம் எண் கட்டிடத்தில்தான், 1965-இல் தமது அறுபத்தொன்பதாவது வயதில் கல்கத்தாவிலிருந்து சரக்குக் கப்பலேறி அமெரிக்கா வந்த பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர், 1967 ஜனவரியில் ஒரு கிருஷ்ணன் கோவிலைத் திறந்தார். இன்று அங்கே கோவில் இல்லை. அன்று தெருவில் பசியோடு திரிந்த பிள்ளைகளுக்குப் பிரசாதம் என்ற பெயரில் இலவசமாகச் சோறு கிடைத்த இடம் அது. அதே ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, ஒரு சரக்கு லாரியின் மேல் ஜகந்நாதரை எழுந்தருளப் பண்ணி இந்தத் தெருக்களின் வழியே கடற்கரைக்கு இழுத்துச் சென்றார்கள். பாரத தேசத்துக்கு வெளியே நடந்த முதல் ரத யாத்திரை அதுவே என்கிறார்கள். பூரியின் பெருந்தேர் லாரியாகிப் போனதற்காக ஜகந்நாதர் வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மவர் சம்பந்தமும் இந்தக் கதையில் இல்லாமற் போகவில்லை: கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து, இலங்கையில் பல ஆண்டுகள் தொண்டு செய்து, 1966-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தர், 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் சங்கீத விழாவின் தொடக்கத்தில், நாற்பது வயல்களை ஒன்றாக்கினாற் போன்ற ஒரு மைதானத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த லட்சக் கணக்கான இளைஞர்களுக்கு ஆசியுரை வழங்கினார். சாலையெல்லாம் மோட்டார்கள் அடைத்துக் கிடந்தபடியால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது.

ஹெயிட் தெருவுக்கு வந்தேன். வாயால் சொன்னால் இந்தப் பெயர் ஆங்கிலத்தில் வெறுப்பு என்னும் பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிக்கும். அந்தத் தெருவில்தான் 1967-இல் ஹிப்பிகளின் 'அன்பின் கோடைகாலம்' நடந்தது. இருபுறமும் மரத்தால் கட்டிய மூன்று மாடி வீடுகள். முன்பக்கம் பிதுங்கி நிற்கும் ஜன்னல்கள். மாவிளக்குக்குக் கோலமிட்டாற் போல ஒவ்வொரு விளிம்பிலும் சித்திர வேலை. 1906-ஆம் ஆண்டின் பூகம்பமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் நகரத்தின் பெரும் பகுதியை விழுங்கியபோது தப்பிப் பிழைத்த வீடுகள் இவற்றில் அநேகம். இப்பேர்ப்பட்ட மாளிகைகள் காசில்லாத பிள்ளைகளின் கையில் எப்படி வந்தன என்று கேட்டால், அதற்கு ஞானமார்க்கம் எதுவும் காரணமில்லை, ஒரு சாலைத் திட்டம்தான் காரணம். இந்தப் பகுதியின் ஓரமாக ஒரு பெரிய மோட்டார்ச் சாலை போடப் போகிறார்கள் என்ற பேச்சு ஆண்டுக் கணக்கில் நீடித்ததாலும், வசதியுள்ள குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், வாடகை தரைமட்டத்துக்கு இறங்கியது. நார்த் பீச் என்னும் பழைய கவிஞர் பேட்டையில் வாடகை ஏற ஏற, அங்கிருந்த எழுத்தாளர்களும் மாணவர்களும் இங்கே வந்து, ஒரு வீட்டுக்குப் பத்துப் பேராகக் குடியேறினார்கள். குடியிருப்போர் கடுமையாக எதிர்த்ததனால் நகரசபை 1966-இல் அந்தச் சாலையை வேண்டாமென்று தள்ளியது. அடுத்த ஆண்டு உலகமே இந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்தது.

ஆஷ்பரி தெரு வந்து குறுக்கிடும் முனையில் சுற்றுலாக்காரர்கள் பெயர்ப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஜெர்மானியத் தம்பதிக்கு எடுத்துக் கொடுத்தேன். மகள் சொன்னது வாஸ்தவந்தான்: துணிக்கடைகள், ஊதுவத்திக் கடைகள், கண்ணாடிப் புகைக்குழாய்க் கடைகள். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்த பனியன் ஒன்று நாற்பது டாலர் என்று எழுதித் தொங்கியது. மதுரைச் சுங்குடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் வேலை. அவர்கள் ஒருவரும் நாற்பது டாலரைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். காசே கூடாது என்றவர்களின் ஞாபகத்தைக் காசாக்குவதில் இந்தத் தெரு அடைந்துள்ள தேர்ச்சியைக் கண்டு சிலர் மனம் கசந்து திரும்புகிறார்கள். கோவில் வாசலில் கடை போடுவது கடைக்காரனுடைய சுபாவம் என்று அறிந்தவர்கள் நாம். கடையைத் தாண்டி உள்ளே போகத் தெரிய வேண்டும்.

உள்ளே என்று நான் சொல்வது கிளேட்டன் தெருவின் 558-ஆம் எண் வீட்டை. 1967 ஜூன் 7-ஆம் தேதி டேவிட் ஸ்மித் என்ற இளம் டாக்டர் இங்கே ஒரு இலவச வைத்தியசாலையைத் திறந்தார். வைத்தியம் என்பது மனிதனுக்கு உரிமையே அன்றிச் சலுகையன்று என்பது அதன் கொள்கை. பாட்டில் அழைப்பு விடுத்து, பத்திரிகைகளில் படம் போட்டு, பள்ளிக்கூடம் மூடியதும் தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் இந்தத் தெருவுக்குப் பிள்ளைகளை வரவழைத்துவிட்டார்கள். அந்தக் கோடையில் வந்து சேர்ந்தவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பு. வந்தவர்களுக்குப் படுக்க இடமில்லை, உண்ண உணவில்லை, காலில் செருப்பில்லை. மஞ்சட்காமாலையும் மேகநோயும், அளவு தெரியாமல் உட்கொண்ட போதை மருந்தின் பிதற்றலும் பரவின. நகரத்தின் அதிகாரிகள் 'வராதீர்கள்' என்று அறிக்கை விட்டதோடு நின்றார்கள். பதினாலு பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தைகளை இரவில் எங்கே படுக்க வைப்பது, யாரிடமிருந்து காப்பது என்ற கவலையைத் தலையில் போட்டுக்கொண்டவர்கள் இந்த மாதிரியான ஒரு சில டாக்டர்களும், பாதிரிமார்களும், தெருக்காரர்களுமே. அந்தக் கோடையை நான் பொன்னுலகமாக வர்ணிக்கத் தயாரில்லை. அதில் பாழாய்ப் போன பிள்ளைகள் உண்டு, அவர்களைப் பெற்ற தாய்மார்களும் உண்டு. ஆனால் நோய் மொய்த்த அதே வீதியில், பணம் கேட்காமல், குற்றம் சொல்லாமல் மருந்து போட்ட ஒரு வாசலும் திறந்திருந்தது. அதைப் பார்த்துத் தேசத்தின் பல நகரங்களில் இலவச வைத்தியசாலைகள் தோன்றின.

என்னை இங்கே இழுத்து வந்தது, உண்மையைச் சொன்னால், வைத்தியசாலைகூட அல்ல. டிக்கர்கள் என்ற ஒரு கூட்டத்தாரைப் பற்றி எப்போதோ படித்தது. டிக்கர் என்றால் மண்ணைக் கொத்துகிறவன். 1649-இல் இங்கிலாந்தில் ஜெரார்டு வின்ஸ்டன்லி என்பவரும் அவருடைய சகாக்களும், பூமி எல்லாருக்கும் பொதுவென்று சொல்லி, ஸர்ரே ஜில்லாவில் ஒரு புறம்போக்குக் குன்றில் கிழங்கும் அவரையும் பயிரிட்டு, நிலச்சுவான்தார்களிடம் அடிபட்டு ஓடினார்கள். அவர்களுக்கு வழங்கிய பெயர் அது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் தெருக்கூத்துக் கோஷ்டி ஒன்றிலிருந்து பிரிந்த எம்மெட் குரோகன், பீட்டர் பெர்க், பீட்டர் கொயோட் முதலியவர்கள் அந்தப் பழம்பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டு, 1966-இன் இலையுதிர் காலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் விநியோகித்தார்கள்: மாலை நான்கு மணிக்குப் பான்ஹாண்டில் பூங்காவில் சாப்பாடு, கிண்ணமும் கரண்டியும் கொண்டுவரவும்.

காய்கறி மண்டியில் விற்காமல் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து, பெரிய பெரிய பால் கேன்களில் குழம்பாகக் கொதிக்க வைத்து எடுத்து வருவார்கள். வாலர் தெருவிலுள்ள மாதா கோவிலின் அடுப்பில், காலியான காபி டப்பாக்களையே அச்சாக வைத்து, கோதுமை ரொட்டி சுடுவார்கள். ரொட்டி டப்பாவுக்கு மேலே பொங்கிக் குடை விரித்தாற் போல நிற்குமாம். பூங்காவில் ஆள் உயரத்துக்கு இரு மடங்கான ஒரு மரச் சட்டத்தை, சுவர் இல்லாத ஜன்னலைப் போல, மஞ்சள் வர்ணம் பூசி நிறுத்தியிருந்தார்கள். சாப்பிட வருகிறவன் அதற்குள் புகுந்து வரவேண்டும். அந்தப் பக்கம் போனால் உலகத்தைப் பார்க்கும் சட்டம் மாறிவிடும் என்பது அவர்களுடைய தெருக்கூத்துத் தத்துவம். அப்புறம் ஒரு கடையும் வைத்தார்கள். அதில் எல்லாப் பண்டமும் இலவசம். "இங்கே முதலாளி யார்?" என்று யாராவது கேட்டால், "நீங்கள்தான்" என்று பதில் வரும்.

இலவசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் தேர்தல்தோறும் ஏற்பட்டுவிட்ட அர்த்தத்தை வைத்து இதை அளக்கக் கூடாது. அன்னதானம் என்று சொல்லலாமா என்றால், அதுவும் முழுக்கப் பொருந்தவில்லை. தானம் என்றால் தருகிறவன் ஒருவன் மேலே நிற்கிறான். பெறுகிறவன் கையைத் தாழ்த்துகிறான். நம் கோவில்களில் 'உபயம்' என்று எழுதி, கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் பொறித்து, வெளிச்சம் வெளியே வர இடமில்லாமற் போன குழல் விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். டிக்கர்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தால் ஆளுக்கு ஆள் ஒருவர் பெயரையே சொல்லிக் குழப்பினார்கள். சாப்பாடு உங்களுடையதாகவே இருப்பதால் நாங்கள் கொடுப்பதாகாது என்பது அவர்கள் கட்சி. இந்த இடத்தில் எனக்கு வடலூர் ஞாபகம் வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. வள்ளலார் 1867-இல் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அவர் பெயரைக் கேட்டறியாத ஒரு தேசத்தில், சாதி மதம் கேட்காமல் பசியை மட்டும் தகுதியாக வைத்து இந்தப் பந்தி நடந்தது. வடலூர் அடுப்பு இன்னும் அணையவில்லை. பான்ஹாண்டில் பந்தியோ சில காலத்திலேயே ஓய்ந்தது. முதலாளியே இல்லாத கடைக்கு வாரிசு எங்கிருந்து வருவான்? இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் மண்டிக்குப் போய் வந்தவர்கள், காய் நறுக்கியவர்கள், கேன்களைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்துப் பெண்கள். தத்துவம் பேசிய ஆண்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. உலகத்தைப் பார்க்கும் சட்டத்தை மாற்றினாலும் அடுக்களையைப் பார்க்கும் சட்டம் மாறவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. தெருக்கோடியில் ஸ்டானியன் தெருவைத் தாண்டினால் கோல்டன் கேட் பூங்கா. வெறும் மணல்மேடாக இருந்த ஆயிரம் ஏக்கரைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். 1889-இல் எர்னஸ்ட் ரான்ஸம் என்ற பொறியாளர் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய சிறிய கான்கிரீட் பாலம் ஒன்றின் அடியில் நுழைந்து சென்றேன். அமெரிக்காவில் அந்த வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்றாம். மலைக்குகை போலத் தோன்றுவதற்காக அதன் உட்கூரையில் சிமெண்டு விழுதுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்பால் ஒரு புல் சரிவு. அதற்கு ஹிப்பிக் குன்று என்றே பெயர். நாலைந்து பேர் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாளம் அவ்வப்போது தவறியது, ஒருவரும் கவலைப்படவில்லை. நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இந்தப் பூங்காவின் போலோ மைதானத்தில்தான் 1967 ஜனவரி 14-ஆம் தேதி ஹிப்பிகளின் பெருங்கூட்டம் ஒன்று நடந்தது. இருபதாயிரம் முப்பதாயிரம் பேர் கூடினார்கள். கூடினதற்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, கூடியிருப்பதே நோக்கம். வியட்நாம் யுத்தத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால், சும்மா கூடி உட்கார்ந்திருப்பதும் ஒரு சத்தியாக்கிரகமே. காலையில் கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பர்க்கும் கேரி ஸ்னைடரும் நம் வழக்கப்படி அந்த மைதானத்தைப் பிரதட்சிணம் செய்தார்கள்; ஸ்னைடர் சங்கு ஊதினார். மாலையில் கலையுமுன் கின்ஸ்பர்க் குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ள, ஜனங்கள் அப்படியே செய்தார்கள். எத்தனையோ மாநாட்டுத் திடல்களை மறுநாள் காலையில் பார்த்திருக்கிற எனக்கு, சங்கு ஊதியதைவிடக் குப்பை பொறுக்கியதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, தெருவின் பழைய வாசிகளே ஹிப்பிக்குப் பிரேத ஊர்வலம் நடத்தினார்கள். மணிமாலைகளையும் பத்திரிகைக் கத்தரிப்புகளையும் ஒரு சவப்பெட்டியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பத்திரிகைகள் பெற்ற பிள்ளை காலமானான் என்பது மரணச் செய்தி. வீட்டுக்குப் போங்கள், உங்கள் ஊரிலேயே இதைச் செய்யுங்கள் என்பது அதன் தாத்பரியம். தன் புகழ் தன்னைக் கொல்வதை உணர்ந்து, தானே தனக்குக் கருமாதி செய்துகொண்ட இயக்கம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. நம் இயக்கங்களில் சிலவற்றுக்கு இந்த விவேகம் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

பான்ஹாண்டில் என்பது பூங்காவின் வால் போலக் கிழக்கே முக்கால் மைல் நீண்டு கிடக்கும் பசுமைத் துண்டு. ஒரு தெரு அகலந்தான். அதில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் மிகப் பழையவை. மூடுபனியோடு கலந்து வந்த அவற்றின் வாசனையில் ஒரு கணம் உதகமண்டலத்தில் இருப்பதாகவே தோன்றிவிட்டது. ஆஷ்பரி தெருவுக்கு நேராக வந்து மணியைப் பார்த்தேன். நான்கடிக்க ஐந்து நிமிஷம். மஞ்சள் சட்டம் நின்ற இடத்தைக் காட்ட ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிக்கொண்டிருந்தாள். பெஞ்சியில் ஒரு முதியவர், என் வயதிருக்கும், தம் உடைமைகளையெல்லாம் ஒரு கடைத் தள்ளுவண்டியில் கட்டி அருகே நிறுத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். கால் வலித்தபடியால் அதே பெஞ்சியின் மறுகோடியில் நானும் உட்கார்ந்தேன்.

சிறிது நேரம் கழித்து அவர் ஒரு காகிதப் பையிலிருந்து ரொட்டி ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் நீட்டினார். என் கண் முதலில் அவருடைய நகங்களுக்குப் போயிற்று என்பதை ஒளிப்பதில் பயனில்லை. ஊர் ஊராகப் பந்தியில் பரிமாறியிருக்கிறேன், பிச்சைக்காரர்களுக்குச் சில்லறை போட்டிருக்கிறேன். ஆனால் தெருவில் வாழ்கிற ஒருவர் கையிலிருந்து வாங்கி உண்டதாக ஞாபகம் இல்லை. "பசியில்லை" என்று சொல்ல நாக்கு எழுந்தது. காலையில் மகள் கட்டித் தந்த டப்பா, பையில் காலியாக லொடலொடத்தது.

வாங்கிக்கொண்டேன். ரொட்டி சற்று விறைத்திருந்தது. மெல்ல மெல்ல ருசி வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். மதராஸ் என்றால் தெரியுமென்று மதராஸ் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, மூடுபனி இன்னும் இறங்கும், கழுத்தை மூடிக்கொள் என்று சைகை காட்டினார்.

டிராமுக்குக் காத்து நின்றபோது மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனம்மா. நாலு மணிக்கு இன்னொரு தரமும் சாப்பிட்டேன்."

"எந்தக் கடையில?"

கடையில்லை என்று சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது.